திருநெல்வேலிக்காரி வளைவு

தேன்கனிக்கோட்டையிலிருந்து மலைப்பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, "திருநெல்வேலிக்காரி வளைவு" என்று சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் மறுபேச்சுப் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அரசாங்கக் கணக்கில் அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. ஊர்க்காரர்களாக வைத்துக்கொண்ட பெயர். அந்தத் திருநெல்வேலிக்காரி நான்தான். உயிரோடு இருக்கும்போதே ஒரு ரோட்டு வளைவுக்குப் பெயராகிவிட்ட பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் கண்டக்டர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டிய பெயர் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சேர வேண்டியது.

அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; மாதா கோயில் பாடல் குழுவில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல் எனக்கு. என் வீட்டுக்காரர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்தில் ரோஜாப்பூ வளர்க்கிற ஒரு பாலிஹவுஸில் சூப்பர்வைசர். வேலையோடு வீடும் கொடுத்தார்கள் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காட்டோரத்தில் வந்து குடியேறினோம். "இவ மெதுவாப் பேசினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், சத்தமாப் பேசினா கர்நாடகாவுக்குக் கேக்கும்" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பக்கத்து வீட்டிலிருந்துதான் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். வந்து ஒரு மாதம்வரை அந்த வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கொல்லைப்புறத்தில் எட்டிப் பார்த்தால் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். கீழே ஈரச்சாக்கை நாலாக மடித்து விரித்திருக்கிறாள். கழுவின ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் மேல் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்துகிறாள். ஒரு டம்ளர்கூட இன்னொரு டம்ளரோடு முட்டவில்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கினால் தெருநாய்கள் குரைக்கும்.

"என்னக்கா, சாக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "அத்தை இப்பத்தான் கண்ண மூடுச்சு" என்றாள். அது காதில் விழுந்ததைவிட உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான் அதிகம்.

அந்த வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாமியார் படுத்த படுக்கை. தூக்கம் வருவதே அபூர்வம். மாமனார் ராத்திரியெல்லாம் ராகிக்காட்டுப் பரணில் யானைக்குக் காவல் இருந்துவிட்டு விடிந்தபின் வந்து படுப்பார். புருஷன் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். இவர்கள் மூன்று பேர் தூக்கத்துக்கும் நடுவில் அக்கா ஈரத்துணி மாதிரி நடமாடுவாள். குக்கரில் விசில் வருகிற தறுவாயில் ஓடிப்போய் அடுப்பைத் தணிப்பாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து முந்தானைக்குள் அடக்கிக்கொள்வாள். "ஏ அக்கா, அப்படி அடக்காதிய, காது சவ்வு கிழிஞ்சிரும்லா!" என்று நான் பதறுவேன். "ஒண்ணும் ஆவாது பாப்பா. யாருக்கும் தொந்தரவு ஆவக் கூடாதில்ல" என்பாள். அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அவளுடைய மாமியார் ஒருமுறை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "எங்க மருமவ புள்ள பெத்தப்பகூட வாயத் தொறக்கல தெரியுமா? வெளிய உக்காந்திருந்தோம். சத்தமே இல்ல. நர்சம்மா வந்து ஆம்பளப் புள்ளன்னு சொன்னப்புறந்தான் எங்களுக்கே தெரியும்." அந்தப் பையன் அக்காவின் அம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவி பாராட்டாகத்தான் சொன்னாள். நான் பெற்றபோது ஆஸ்பத்திரி சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். ஒரு மனுஷிக்கு அந்த வலியில்கூடக் கத்தத் தோன்றாதா? அப்படியானால் அந்தச் சத்தமெல்லாம் உடம்புக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? அன்றைக்கு ராத்திரி சோறே இறங்கவில்லை எனக்கு.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஓசூரில் ஒரு சைலன்சர் கம்பெனி. பைக்குகளுக்குப் புகைக்குழாய் செய்வது. அக்கா வெல்டிங் முடிந்து வரும் குழாய்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில், நான் பேக்கிங்கில். கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்குத்தான் வரும். எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குக் காட்டை ஒட்டி மண்ணும் தாருமாக ஒரு பாதை. முதல் ஷிப்டுக்கு விடியாத நேரத்திலேயே கிளம்பியாக வேண்டும். அக்காவிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதை வீட்டு வாசலில் அவள் ஸ்டார்ட் செய்து நான் பார்த்ததே இல்லை. ஊர்க்கோடி தண்ணீர்த்தொட்டிவரை உருட்டிக்கொண்டே போய், அங்கே வைத்துத்தான் உதைப்பாள். மழைக்காலத்தில் சேற்றிலும் அப்படித்தான். நான் பால்வண்டிக்காரரோடு போகும்போது வழியில் அவள் குனிந்து தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். எனக்குக் கோபம் கோபமாக வரும். அந்த வீட்டு ஆட்களை எழுப்பி உட்காரவைத்து நாலு கேள்வி கேட்கலாம் போல இருக்கும்.

அந்தப் பாதையில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் மூங்கில் புதர், இன்னொரு பக்கம் சரிவில் ராகிக்காடு. அக்காவின் மாமனார் பரண் கட்டியிருப்பதும் அங்கேதான். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று திரும்பின பிறகுதான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கும் கூட்டம் ராகி வாசத்துக்கு அங்கே வந்து நிற்கும். ஊரில் யாரும் யானை என்று பெயர் சொல்ல மாட்டார்கள், சாமி என்பார்கள். வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு வழக்கம். மூங்கிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகி இன்ஜினை உறும விடுவார்கள். கொஞ்சம் பொறுப்பார்கள். கிளை முறிகிற சத்தம் ஏதும் இல்லையென்றால் போவார்கள். இதற்கு உத்தரவு கேட்பது என்று பெயர். ஹாரன் அடிக்கக் கூடாது. ஹாரன் அடிப்பது சண்டைக்குக் கூப்பிடுவது, இன்ஜின் சத்தம் வருகிறேன் என்று தெரியப்படுத்துவது என்பார்கள். நான் முதலில் சிரித்தேன். ஒருநாள் வளைவுக்கு அந்தப் பக்கம் கூடை கூடையாகக் கிடந்த சூடான சாணத்தைப் பார்த்தபின் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கையில்தான் ஒருநாள் விடிகாலை நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் இரண்டடி தூரத்தில் ஒரு பெரிய பைக். விளக்கு எரிகிறது. மேலே அக்கா. வாளியை அப்படியே போட்டுவிட்டு, "எம் மாதாவே!" என்று நான் அலறிய அலறலில் பாலிஹவுஸ் காவலாளி டார்ச்சோடு ஓடிவந்தார்.

"பயந்துட்டியா பாப்பா?" என்று அக்கா கிசுகிசுத்தாள். அவள் முகம் முழுக்க வெளிச்சம். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஆத்தாடி, இது ஓடி வந்துச்சா, பறந்து வந்துச்சா? இப்படிப் பூனை மாதிரியா வந்து நிப்பிய? எனக்கு உசுரே போயிட்டுல்லா!"

"கரண்டு வண்டி" என்றாள். "வாசல்லியே ஸ்டார்ட் பண்ணேன். யாருமே முழிச்சுக்கல பாப்பா. அத்தைகூட முழிச்சுக்கல."

புருஷனும் அவளுமாகத் தவணையில் எடுத்தது. மண்பாதைக்குச் சின்னச் சக்கரம் ஆகாது என்று ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பைக்காகவே எடுத்திருந்தாள். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, உதைக்க வேண்டியது கிடையாது. ஒரு பட்டனை அழுத்தினால் பின்பக்கமாகக்கூடப் போகும். பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் மூடி போட்ட ஒரு பெட்டி. அதைத் திறந்து சாப்பாட்டுத் தூக்கை உள்ளே வைத்தாள். பெட்ரோல் டேங்குக்குள் புளிச்சோறு போவதைப் பார்த்து நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

ஊருக்கே அது வேடிக்கையாகிவிட்டது. சைக்கிளுக்குமேல் எதையும் தொட்டிராத பெண்களெல்லாம் ஒரே சாயங்காலத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். புகை இல்லை, நாற்றம் இல்லை, பங்க்கில் போய் நிற்க வேண்டியதில்லை. அடுத்த சில மாதங்களில் ஊரில் இன்னும் மூன்று வீட்டு வாசலில் ஜன்னல் வழியாகச் சார்ஜ் ஒயர் தொங்க ஆரம்பித்தது. மாமனார் மட்டும் மழை பெய்தால் வண்டிப் பக்கமே போகமாட்டார். "ஏமம்மா, ஷாக் அடிக்கும்மா" என்று தெலுங்கும் தமிழுமாகத் தள்ளி நின்றே எச்சரிப்பார்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்கு ஒரே கொண்டாட்டம். "சைலன்சர் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு சைலன்சர் இல்லாத வண்டிய வாங்கியிருக்கீங்களே, நல்லா இருக்குதா?" என்பார். அது கேலியாக மட்டும் இருக்கவில்லை. ஆர்டர் குறைகிறது, ஒரு லைனை நிறுத்தப் போகிறார்கள் என்று கேண்டீனில் பேச்சு அடிபட்டது. எனக்குப் பகீரென்றது. "ஏக்கா, எல்லாரும் இந்த வண்டிய வாங்கிட்டா நாம செய்யுற குழாய யாரு வாங்குவா? நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போடுதோமா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.  "தெரியும் பாப்பா. ஆனா விடியக்காலைல யாரும் முழிச்சுக்காம நான் கிளம்பறேனே" என்றாள். 

வண்டியும் லேசுப்பட்டதில்லை. ராத்திரி மழையடித்துக் கரண்டு போனால் காலையில் அது மரக்கட்டை. மேட்டுப்பாதை ஏறினால் சார்ஜ் கண்முன்னே கரையும். ஒருமுறை திரும்பி வரும்போது ஏற்றத்தில் செத்துப்போய் நின்றது. மொபெட்டைவிட இரண்டு பங்கு கனம், இரண்டு பேருமாகத் தள்ளி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரிப்பேர் என்றால் ஓசூர் ஷோரூமுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பார்கள். இதெல்லாம் அக்காவுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அசல் குறையைச் சொன்னவர் மாமனார். வண்டி வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வாசலில் உட்கார்ந்து ராகிக் களியை விழுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். "அது சரி, வளைவுல இது எப்படி உத்தரவு கேக்கும்?"

நாங்கள் எல்லோரும் திகைத்துப் போனோம். உண்மைதானே! இதை முறுக்கினால் ஓடுமே தவிர உறுமாது. சத்தமே இல்லாமல் போய் சாமியின் காலடியில் நிற்கும். அதுவரை எல்லோரும் வாயாரப் புகழ்ந்த குணமே அந்த வளைவில் எமனாக வந்து நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் புருஷன் ஒரு யோசனை செய்தார். செல்போனில் புல்லட் ஓடுகிற சத்தத்தைத் தேடி எடுத்துக் கொடுத்து, வளைவில் அதைப் போடச் சொன்னார். மறுநாள் வளைவில் நிறுத்திப் போட்டால், முதலில் ஒரு பெண் வந்து தளி ரோட்டு வீட்டுமனை விளம்பரம் சொன்னாள். "தளி ரோட்டுல சாமிக்கு மனை வேணுமாக்கா?" என்று நான் சிரித்த சிரிப்பு காட்டுக்குள் எதிரொலித்தது. அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா, நீ பேசிக்கினே வாயேன்" என்றாள்.

அப்படித்தான் நான் அந்த வண்டிக்கு இன்ஜின் ஆனேன். தினமும் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். மூங்கிலுக்கு முன்னால் அவள் நிறுத்துவாள். நான் தொண்டையைத் திறப்பேன். என் நாத்தனார் செய்த அநியாயம், கேண்டீன் சாம்பார், சந்தையில் தக்காளி விலை எல்லாம் அங்கேதான் வெளியே வரும். பேச்சு கிடைக்காத நாளில் ஜெபமாலையை உரக்கச் சொல்வேன். பரணிலிருந்து மாமனார் கேட்டுக்கொண்டே இருப்பார். "எங்க மலை சாமிங்க எல்லாம் இந்நேரம் உன் வேதத்துல சேந்திருக்கும்" என்று என்னைக் கண்டால் சொல்வார். என் வீட்டுச் சண்டை சச்சரவு எல்லாம் ராகிக்காடு முழுக்கத் தெரியும். அக்கா ஹேண்டிலைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இருக்காது.

ஒருநாள் நான் பிடிவாதம் பிடித்தேன். "இன்னைக்கு நீங்க கேளுங்க. நான் லீவு போட்டா என்ன செய்விய? ஒரு சத்தம் போடுங்க பாப்போம்." அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. ஒன்றும் வரவில்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, "எனக்கு வராது பாப்பா" என்றாள். கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குக் கேட்டவள் நான். ஆனால் அந்தத் திறந்த வாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்த வளைவில் எப்போதாவது நான் இல்லாமல் போனால் இவள் கதி என்ன என்ற பயம் அன்றைக்குத்தான் பிடித்தது.

அந்த மார்கழியில் நான் இல்லாமல் போகவில்லை. குரல்தான் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கோயில் குழுவோடு வீடு வீடாகப் போய்ப் பனியில் பாடினேன். ஒருநாள் காலையில் எழுந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் காற்றுதான் வருகிறது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் அவர். சுக்குக் கஷாயம் குடித்தும் பிரயோஜனமில்லை. அன்றைக்கு லீவு போட்டிருக்கலாம். வருஷக் கடைசி, கம்பெனியில் லீவு தரமாட்டார்கள். அக்காவிடம் கையால் தொண்டையைக் காட்டினேன்.

"பரவால்ல பாப்பா. இன்னிக்கு ஒரு நாளைக்கு நான் கேக்கறேன்" என்றாள்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மூங்கிலே தெரியவில்லை. அக்கா பழக்கத்தில் நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். கல்யாண வீட்டில் பந்திக்கு வெளியே நிற்கிறவர் செருமுவது போல ஒரு செருமல். நான் முதுகில் கிள்ளினேன். இன்னொரு செருமல். பிறகு அவள் முன்னால் சாய்ந்து பனியைப் பார்த்து, "யாருங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். மரியாதையாக, அத்தை தூங்குகிற அறையை எட்டிப் பார்த்துக் கேட்பது போல. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. குரலில்லாமல் குலுங்கிச் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்தோம். கிளை முறியும் சத்தம் இல்லை. வண்டி நகர்ந்தது.

வளைவு திரும்பியதும் ரோடு முடிந்துவிட்டது போல இருந்தது. முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அக்கா பிரேக் பிடித்தாள். அந்தச் சுவர் மூச்சு விட்டது.

ஒற்றைக் கொம்பன். பக்கவாட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டினாற்போல நின்று மூங்கிலை வளைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வந்ததே அதற்குத் தெரியாது. அவ்வளவு நல்ல வண்டி! அக்கா அசையாமல் இருந்தாள். எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது. பின்சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். கால் மடங்கி ரோட்டோர உண்ணிச்செடிப் பள்ளத்தில் விழுந்தேன். செடி சடசடவென்று முறிந்தது. சாமி திரும்பியது.

காது இரண்டும் விரிந்தன. என்னைப் பார்த்து ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. நான் வாயைத் திறந்தேன். ஊரையே எழுப்புகிற என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. தும்பிக்கையில் ஒட்டியிருந்த மூங்கில் இலைவரை தெரிகிற தூரம். இதோடு சரி என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகள் முகம் வரவில்லை, ஜெபம் சொல்லத் தோன்றவில்லை. வெறும் மண் வாசம்தான் தெரிந்தது.

அக்கா அந்த நேரத்தில் பட்டனை அழுத்திச் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்திருந்தால் அந்தக் கொம்பனுக்கு அவள் இருந்ததே தெரிந்திருக்காது. பனி மூடியிருந்தது. வண்டியும் அவளைப் போலவே வாயில்லாதது. அவள் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது யானையிடமிருந்து வருகிறது என்றே முதலில் நினைத்தேன். மனுஷக் குரல் என்று புரிய நேரம் பிடித்தது. வயிற்றின் அடியிலிருந்து, பல வருஷம் மூடிக்கிடந்த கதவு பெயர்ந்து வருவது போல வந்தது. மூங்கில் புதரில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அப்புறம் அதில் வார்த்தைகள் வந்தன.

"ஏய்! இங்க பாரு! நான் இங்க இருக்கேன்! நான் இங்க இருக்கேன்! இங்க!"

நான் தலையைத் திருப்பினேன். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை மேலே தூக்கி, வாய் முழுக்கத் திறந்து, அக்கா கத்திக்கொண்டிருந்தாள்.

கொம்பன் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அவள் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். வண்டி அம்பு போலப் பாய்ந்து ராகிக்காட்டுச் சரிவில் இறங்கியது. கத்தல் நிற்கவேயில்லை, போகப் போகக் கத்திக்கொண்டே போனாள். யானை பின்னால் போனது. இரும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. கத்தல் நின்றது. பரணிலிருந்து வெடிச்சத்தம், "ஆனெ பந்திதெ!", யானை வந்துவிட்டது என்று கன்னடத்தில் கூச்சல், தீவட்டி வெளிச்சம். நான் பள்ளத்தில் திறந்த வாயோடு கிடந்தேன்.

முதலில் என்னிடம் ஓடிவந்தவர் அவள் மாமனார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை கத்தினம்மா! உன் கத்தல் கேட்டுத்தான் பரண்லேர்ந்து குதிச்சேன். உன் தொண்ட இல்லன்னா ரெண்டு பேரையும் வாரித்தான் எடுத்திருப்போம்!"

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று ஆட்டினேன். பயத்தில் ஆடுகிறது என்று நினைத்து ஒரு ஆள் தன் கம்பளியை என்மேல் போர்த்தினார். எனக்கு அந்தக் குளிரிலும் ஒன்று நெஞ்சில் தைத்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்த மருமகளின் குரல் அந்த மனுஷனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அதைக் கேட்டதே கிடையாதே.

அக்காவை ராகிக்கதிருக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்தன, உயிர் இருந்தது. யானை கோபத்தையெல்லாம் வண்டிமேல் தீர்த்துக்கொண்டு போயிருந்தது. வண்டி அப்பளமாகக் கிடந்தது. மண்ணில் புளிச்சோறு சிதறிக் கிடந்தது. ஒரு புகை இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதன் விளக்கு மட்டும் பகலெல்லாம் எரிந்துகொண்டிருந்ததாம்.

ஒரு வாரம் எனக்குக் குரல் வரவில்லை. கத்தின கத்தலில்தான் போய்விட்டது என்றார்கள்; முன்னாலேயே போயிருந்தது தெரிந்த என் வீட்டுக்காரர்கூட, உயிர்ப்பயத்தில் வந்திருக்கும் என்றார். அந்த ஒரு வாரத்துக்குள் கதை ஊர் ஊராகப் போய்விட்டது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று கும்பிட்டார். பால்வண்டிக்காரர் எல்லோரிடமும் நான் கத்தின விதத்தை நடித்துக் காட்டினார். நான் கையை ஆட்டி மறுக்க மறுக்க, "பாரு, எவ்ளோ அடக்கம்" என்றார்கள். அடக்கமாம், எனக்கு! அதற்குள் வளைவுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

ஓரளவு காற்றுக்குரல் வந்ததும் ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டில் அவள் தனியாகப் படுத்திருந்தாள். காலை மேலே தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலோரம் குனிந்து, "நீங்கதான் கத்துனியன்னு இன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்" என்றேன். நானும் கிசுகிசுத்தேன், அவளும் கிசுகிசுத்தாள். நாங்கள் இருவரும் ஒரே அளவில் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

"மாமாவுக்கு அடையாளம் தெரியலியா?" என்று கேட்டாள்.

"தெரியல. நான்னு நினைச்சிட்டு இருக்காவ."

கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "அப்ப நீயாவே இருக்கட்டும் பாப்பா. சொல்லிடாத. இவ்ளோ பெரிய குரல வெச்சுக்கினு இத்தன வருசமா எங்க வெச்சிருந்தன்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்வேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குரல் மட்டும் முழுசாக இருந்திருந்தால் அந்த வார்டே கேட்டிருக்கும். அடிபட்ட தோளைப் பார்த்ததும் கோபம் அழுகையாகிவிட்டது. அவள் நல்ல கையால் என் வாயை மெல்லப் பொத்தினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கால் கூடியது. ஆனால் லைனில் நாளெல்லாம் நிற்க முடியாது என்றாகிவிட்டது. மாமியார் காலமான பிறகு அவர்கள் கல்லாவிக்கு, அக்காவின் அம்மா ஊருக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் அந்த லைனை நிஜமாகவே நிறுத்தினார்கள். இப்போது அதே ஷெட்டில் கரண்டு வண்டிக்கு பேட்டரிப் பெட்டி செய்கிறோம். நானும் ஒரு கரண்டு வண்டி வாங்கிவிட்டேன். வளைவில் நிறுத்தி நானே உத்தரவு கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் என் வண்டி சர்வீஸுக்குப் போனதால் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒரு புதுப்பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவங்கதான் அந்தம்மா. இவங்க கத்தின கத்தல்லதான் ரெண்டு உசிரு பொழச்சுது" என்றார். அந்தப் பெண் என்னை வாய் பிளந்து பார்த்தாள். என்னால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. வளைவு வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். ரோட்டில் நின்றபடியே கல்லாவிக்குப் போன் போட்டேன்.

"ஏ அக்கா, என்னால இதுக்கு மேல பொறுக்க முடியாது. நான் இத எழுதப் போறேன். நீங்க என்ன சொன்னாலும் எழுதத்தான் போறேன்" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவை மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"பேரு மட்டும் போடாத பாப்பா" என்றாள்.

சரி என்றேன். போனை வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேட்பது போல, முன்பைவிடவும் சின்னக் குரலில் கேட்டாள்.

"நெசமாவே பரண் வரைக்கும் கேட்டுச்சா?"